நிரந்தரப் புதியவர்

அந்தச் சபைக்கு வழி காட்ட அந்தப் பகுதியில் மொத்தம் பதினேழு பலகைகள் இருந்தன. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து: ‘புதியவரே, வருக! சபை இந்தப் பக்கம்.’ கீழே ஒரு அம்புக்குறி. பதினேழையும் நம்பி நடந்தவர் யாரும் சபைக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. வழிகாட்டும் உட்குழுவில் பதினேழு உறுப்பினர்கள், ஆளுக்கொரு பலகை. தன் பலகை தன் வீட்டு மதிலில்தான் இருக்கவேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அம்பும் அவரவர் மதிலின் வசதிப்படி திரும்பிக்கொண்டது. ஒருவர் வீட்டு மதிலில் கொடி படர்ந்திருந்ததால் அம்பை மேல்நோக்கி வைத்துவிட்டார். அதைப் பார்த்த சிலர், வழி பரலோகத்துக்குத்தான் போலிருக்கிறது என்று அண்ணாந்து கும்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். கடைசி அம்பு குழுத்தலைவரின் கார் ஷெட்டைக் காட்டியது.

நம்முடைய ஆள் பேருந்து ஓட்டுநர். பத்தொன்பது வருட அனுபவம். எந்தச் சந்துக்குள்ளும் நாற்பதடி வண்டியை நுழைத்துத் திரும்ப எடுப்பவர். புது டெப்போவுக்கு மாற்றலாகி, மனைவியோடும் படுத்த படுக்கையாக இருந்த தாயாரோடும் இந்த ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை நிறுத்தத்தில் இறங்கினார். எதிரே கோபுரம் தெரிந்தது. கல்லெறிந்தால் படும் தூரம். ஆனால் மனிதர் சாலை விதிகளை மதிப்பவர். பலகை இடதுபக்கம் காட்டியது, இடதுபக்கம் போனார். ஐம்பது நிமிடம் கழித்து ஒரு கார் ஷெட்டுக்குள் நின்று, “இங்க ஆராதனை எத்தனை மணிக்குங்க?” என்று கேட்டார். அங்கே காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவர் தோளில் கைவைத்துத் திருப்பிவிட்டு, “கோபுரத்தைப் பாத்து நடங்க. போர்டைப் பாக்காதீங்க” என்றார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டில் தாயார் இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாகப் படுத்திருந்தார். பழைய ஊரில் மாதத்துக்கு ஒருமுறை போதகர் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுப்பார். ஒரு துண்டு அப்பம், ஒரு வாய் திராட்சை ரசம், முன்னால் நாலு வரி ஜெபம். அவ்வளவுதான். அந்த அம்மா வேறு எதையும் கேட்பவர் இல்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தினமும் அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“டேய், இந்த ஊர்ல போதகரே கிடையாதா? இல்ல, இருந்தும் நீ போய்க் கூப்பிடலையா?”

“ஞாயித்துக்கிழமை போய்க் கூப்பிடறேம்மா.”

“அவரு வந்தா உக்கார ஒரு நல்ல நாற்காலி போட்டு வை.”

நாற்காலி அன்றைக்கே போடப்பட்டது. தாயாரின் கட்டிலுக்குப் பக்கத்தில், துடைத்து, சுத்தமாக.

ஓட்டுநர் சபைக்குள் நுழைந்தபோது பிரசங்கம் பாதியில் இருந்தது. சத்தமில்லாமல் கடைசி பெஞ்சில் ஒதுங்கலாம் என்று பார்த்தார். கால் வைத்த கணத்தில் நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து பாய்ந்தார்கள். ஒருவர் வலது கையைப் பிடித்தார். இன்னொருவருக்கு இடது கை கிடைத்தது. மூன்றாமவர் அவர் நெஞ்சில் ‘புதியவர்’ என்று அச்சிட்ட உள்ளங்கை அகல அட்டையைக் குத்தினார். குத்தும்போது ஊசி கொஞ்சம் சதையிலும் ஏறியது. நாலாமவர் பின்னாலிருந்து தள்ளினார். பிரசங்கம் நின்றது. முன்னால், பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், சபையாரைப் பார்த்தபடி ஒரு சிவப்பு வெல்வெட் சோபா போட்டிருந்தது. அதில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். சபையே அவரைப் பார்த்துச் சிரித்தது. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் அவரும் சபையைப் பார்த்துச் சிரித்தார். தாடை வலிக்கும்வரை இது நடந்தது.

அன்றைக்குச் சபையில் இருந்தவர்கள் அறுபது பேர். அவர்களில் நாற்பத்திரண்டு பேர் புதியோர் வரவேற்புக் குழு. மீதிப் பதினெட்டில் பதினைந்து பேர் குழுவில் இடம் கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள். மற்ற மூவர் போதகரும், ஆர்மோனியம் வாசிப்பவரும், மணியடிப்பவரும்.

ஆராதனை முடிந்ததும் குழுத்தலைவர் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடமாட்டார் என்பதால் சபையில் அவருக்கு ‘உடும்பு’ என்று பெயர்.

“அன்பானவர்களே, நம்ம சபைக்கு ஒரு புதியவர் வந்திருக்கார். இவர் யாரு, எங்கேர்ந்து வந்தாரு, எதுக்கு வந்தாரு, இதெல்லாம் நமக்கு முக்கியமே இல்ல. வந்திருக்கார். அதான் முக்கியம். இப்ப நாம இவரை எப்படி வரவேற்கிறோம்னு இவருக்கே விளக்கமாச் சொல்லப்போறேன்.”

நாற்பது நிமிடம் சொன்னார். பிறகு நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் வந்து கைகுலுக்கினார்கள். முப்பதுக்கு மேல் யாரோ எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டதால் மறுபடி முதலிலிருந்து குலுக்கினார்கள். கியர் போட்டுப் போட்டுக் காய்த்துப்போன கை அது, ஆனாலும் வீங்கிவிட்டது. தூரத்தில் போதகர் வெள்ளை அங்கியோடு நின்றிருந்தார். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “ஐயா, ஒரு நிமிஷம்” என்றார். இடையில் ஒரு ஃபைல் வந்தது. ஃபைலுக்குப் பின்னால் குழுச் செயலாளர்.

“என்ன விஷயமா ஐயாவைப் பாக்கணும்?”

“வீட்ல அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. ஐயா ஒரு தடவை வந்து நற்கருணை கொடுத்தா...”

“அடடா.” செயலாளர் முகத்தில் உண்மையான வருத்தம் படர்ந்தது. “அது வீட்டுச் சந்திப்புப் பிரிவு. அது உறுப்பினர்களுக்கு. நீங்க புதியவர். புதியவருக்கு வரவேற்பு, உறுப்பினருக்கு வீட்டுச் சந்திப்பு. ரெண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தா அப்புறம் உறுப்பினர்கள் எங்களையும் வரவேற்கணும்னு கேப்பாங்க.”

“உறுப்பினராகணும்னா என்ன பண்ணணும்?”

“ஒண்ணுமே பண்ணவேண்டாம். தொடர்ச்சியா ஆறு ஞாயிறு வரவேற்பை ஏத்துக்கணும். அவ்வளவுதான்.”

பதினோரு பக்க விண்ணப்பம் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஏழாவது கேள்வி: ‘எங்கள் வரவேற்பில் உங்களை அழவைத்த பகுதி எது?’ இருபத்துமூன்றாவது கேள்வி: ‘இதைவிட நன்றாக வரவேற்கும் சபையை நீங்கள் கண்டதுண்டா?’ எதிரே ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் ‘இல்லை’ என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. புதியவருக்குச் சிரமம் கூடாதல்லவா?

வீட்டுக்கு வந்தவரிடம் தாயார் கேட்டார், “வரேன்னாரா?”

“ஆறு வாரம் ஆகுமாம்மா.”

“வெளியூர் போயிருக்காரா?”

“இல்லம்மா. அங்கதான் நிக்கறாரு.”

அந்த அம்மா நாற்காலியைப் பார்த்தார். “அப்ப ஏன்டா ஆறு வாரம்?” என்றார்.

இரண்டாவது வாரம் ‘வரவேற்கப்படுவது எப்படி’ என்று வகுப்பு எடுத்தார்கள். கைகுலுக்கும்போது எத்தனை பல் தெரியவேண்டும் என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார்கள். மூன்றாவது வாரம் ஓட்டுநருக்கு ஞாயிறு டூட்டி. டெப்போவில் மூன்று ஞாயிற்றுக்கு ஒரு ஞாயிறு எல்லாருக்கும் வரும். நாலாவது வாரம் சபைக்குள் நுழைந்தவரை அதே நாலு பேர் பிடித்தார்கள். அதே ஊசி, அதே சோபா. செயலாளர் ஃபைலைப் புரட்டினார்.

“போன வாரம் வரலையே நீங்க?”

“டூட்டிங்க.”

“தப்பா நினைச்சுக்காதீங்க. தொடர்ச்சியா ஆறு வாரம்னு விதி. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா முதல்லேர்ந்து. அதனால நீங்க இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றீங்க.”

“என்னங்க இது, முதல் வாரம் நீங்கதானே எனக்கு ஃபாரம் கொடுத்தீங்க?”

“அப்படியா? ரொம்ப சந்தோஷம்!” செயலாளர் கையை நீட்டினார். “எங்கேர்ந்து வர்றீங்க?”

உடும்பும் அதே பேச்சைப் பேசினார், ஒரு எழுத்து மாறாமல். கேட்டவர்கள் அதே இடத்தில் சிரித்தார்கள். அதே இடத்தில் ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

இப்படி மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதியவராகப் பிறந்துகொண்டே இருந்தார் ஓட்டுநர். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பரிசு உண்டு. ‘வருக’ என்று எழுதிய பீங்கான் கோப்பை. சமையலறை அலமாரியில் பதினாலு கோப்பை சேர்ந்ததும் மனைவி வாயைத் திறந்தார்.

“என்னங்க, தட்டு ஏதும் தரமாட்டாங்களா? கோப்பை வெக்க இடமில்ல.”

“கேலி பண்ணாதே.”

“நான் எங்க கேலி பண்றேன்? நீங்க கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்க வீட்ல உங்களை ஒரு தடவைதான் வரவேத்தாங்க. அதுக்கே நீங்க அலுத்துக்கிட்டீங்க.”

உள்ளேயிருந்து தாயாரின் குரல் வந்தது. இப்போதெல்லாம் அந்தக் குரலில் காற்று அதிகம், சொல் குறைவு. “அந்த நாற்காலியில துணி போட்டிருக்கியா? எடுத்துடும்மா. அவரு வருவாரு.”

மனைவி போய்த் துணியை எடுத்தார்.

சபையில் மணியடிப்பவர்தான் ஓட்டுநருக்கு விஷயத்தைப் போட்டு உடைத்தார். மணிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“அண்ணே, உங்களுக்கு முன்னாடி இங்க புதுசா ஒரு ஆள் வந்து ஒன்பது வருஷமாச்சு. அவரும் ரெண்டாவது வாரம் ஜன்னல் வழியா குதிச்சுட்டாரு. அதுலேர்ந்துதான் ஜன்னலுக்குக் கம்பி போட்டாங்க.”

“அப்ப ஒன்பது வருஷமா இந்தக் குழு என்ன பண்ணிச்சு?”

“ஒத்திகை பாத்தாங்க. ஒருத்தரை ஒருத்தர் வரவேத்துக்கிட்டாங்க. இப்ப நீங்க வந்த பிறகு தலைமையகத்துக்கு அறிக்கை போகுது. ‘இந்த வருஷம் பதினாலு புதியவர் வருகை’ன்னு. சிறந்த வரவேற்புச் சபைன்னு கேடயம் கிடைக்கப்போகுதாம். பதினாலும் நீங்கதான்.”

அந்த வாரம் மருத்துவர் வந்து பார்த்தார். தாயாரின் நுரையீரலில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார். தினமும் மாலை ஐந்து மணிக்குக் கொடுக்க ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். அது போட்டதும் மயக்கம் வந்துவிடும், பகலில் மட்டும்தான் நினைவு தெளிவாக இருக்கும் என்றார். எத்தனை நாள் என்று ஓட்டுநர் கேட்டதற்கு, கைப்பையை மூடிக்கொண்டே, “நல்லாப் பாத்துக்கங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே ஓட்டுநர் டெப்போவில் டூட்டி போடுபவரின் மேஜைமுன் நின்றார். ஆறு ஞாயிற்றுக்கிழமை விடுப்பு வேண்டும், பதிலுக்கு எந்தத் தடத்திலும் எத்தனை நடையும் ஓட்டத் தயார். டூட்டி போடுபவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஆறு வாரமா? என்னப்பா, தேர்தல்ல நிக்கறியா?” என்றவர், காரணத்தைக் கேட்டதும் பேனாவை எடுத்தார். இரண்டு நிமிடத்தில் ஆறு கட்டத்திலும் அவர் பெயரை அடித்து வேறு பெயர் எழுதினார். எந்த ஊர், எத்தனை வாரம் வந்தாய் என்றெல்லாம் கேட்கவில்லை.

முதல் வாரம், இரண்டாவது வாரம், மூன்றாவது வாரம். நாலாவது வாரத்தில் கைகுலுக்கியவர்களின் கையில் வேர்வை இருந்தது. ஐந்தாவது வாரம் உடும்பு பேச்சின் நடுவில் திக்கினார். வரலாற்றில் முதல்முறையாக மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஒரு புதியவர் உறுப்பினராகும் ஆபத்து அந்தச் சபையை நெருங்கிக்கொண்டிருந்தது. குழு அவசரக் கூட்டம் போட்டது. பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி, ஒருவரையொருவர் வரவேற்று முடிக்கவே நாலரை ஆகிவிட்டது.

ஆறாவது ஞாயிறு வந்தது. ஓட்டுநர் இஸ்திரி போட்ட சட்டையோடு சோபாவில் உட்கார்ந்தார். செயலாளர் எழுந்து அறிவித்தார். “இன்று நமது குழுவின் ஆண்டுவிழா. ஆண்டுவிழா நாளில் வரவேற்புப் பணி நடைபெறாது. எனவே இந்த ஞாயிறு கணக்கில் சேராது. தொடர்ச்சி விட்டுப்போவதால் புதியவர் அடுத்த வாரம் முதல் தடவையாக வருவார். கைதட்டுவோம்.”

கைதட்டினார்கள். ஓட்டுநர் எழுந்து நின்றார். பத்தொன்பது வருடத்தில் ஒரு பயணியைக்கூடக் கைநீட்டிப் பேசாத மனிதர்.

“ஏங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா? ஆறு வாரம் லீவு போட்டு வந்திருக்கேன். என்னை உறுப்பினராக்கினா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகுது?”

உடும்பு அவர் தோளில் கையைப் போட்டார். குரல் தழுதழுத்தது. மைக் திறந்துதான் இருந்தது.

“தம்பி, யோசிச்சுப் பாருங்க. நீங்க உறுப்பினராயிட்டா நாங்க யாரை வரவேற்போம்? நாப்பத்திரண்டு பேரு, எல்லாரும் குடும்பஸ்தங்க. ஞாயித்துக்கிழமை வீட்ல உக்காந்தா பொண்டாட்டி பேசுவா. அன்பு நெஞ்சுல பொங்கி வழியுது, அதை ஊத்த ஒரு ஆள் வேணாமா? உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா? நாங்க உங்களுக்காகவா வரவேற்கிறோம்? சொல்லுங்க.”

சபை உருகியது. கைக்குட்டை அம்மாள் இந்த முறை நிஜமாகவே அழுதார்.

ஓட்டுநர் மைக்கைப் பார்த்துக் கத்தினார். “போதகர் ஐயா! எங்கம்மா சாகக் கிடக்கறாங்க. அவங்களால இங்க வர முடியாது. இந்த சபைக்குள்ள இன்னும் காலே வெச்சதில்ல. நீங்க ஒரு தடவை வாங்கய்யா!”

போதகர் வாயைத் திறந்தார். அதற்குள் செயலாளர் துள்ளி எழுந்தார். கண்கள் மின்னின.

“காலே வெச்சதில்லையா? அப்ப அவங்க புதியவர்!”

உடனே நாற்பத்திரண்டு பேரும் எழுந்து ஆரவாரித்தார்கள். ஆர்மோனியம் தானாகவே வாழ்த்துப் பாட்டு வாசிக்கத் தொடங்கியது. புதியவர் ஒருவர், அதுவும் நடக்க முடியாதவர், அதுவும் ஓடிப்போக வழியே இல்லாதவர்! கேடயம் இனி அவர்கள் சபையை விட்டு நகரவே நகராது. அங்கேயே தீர்மானம் போட்டார்கள். வரும் சனிக்கிழமை மாலை, குழு முழுவதும் திரண்டுபோய் அந்த அம்மாளை அவர் இல்லத்திலேயே வரவேற்பது.

“ஐயாவும் வருவாருல்ல?” என்று கேட்டார் ஓட்டுநர்.

“இதென்ன கேள்வி?” என்றார் உடும்பு. “இடமிருந்தா வருவாரு.”

சபையிலிருந்து வீடு ஏழு நிறுத்தம். நாற்பத்திரண்டு பேரும் ஆளுக்கொரு வண்டியில் போனால் ஊர்வலம் சிதறிவிடும் என்பதால் டெப்போவில் தனிப் பேருந்து ஒன்று ஏற்பாடு செய்தார்கள். அந்தச் சனிக்கிழமையின் தனி நடைக்கு டூட்டி போடுபவர் யாரைப் போட்டிருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. மூன்றரை மணிக்கு ஓட்டுநர் காக்கிச் சட்டையோடு வண்டியைக் கொண்டுவந்து சபைமுன் நிறுத்தினார். அவர் ஏறி இறங்கும்போது நெஞ்சில் யாரும் அட்டை குத்தவில்லை. காக்கிக்குள் இருப்பவர் யாரென்று குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. செயலாளர், “டிரைவர், ஏசி போடுப்பா” என்றார்.

நாற்பது அடி நீளப் பதாகை, இரண்டு மேளம், ஒரு கைமைக், மூன்று பெட்டி கோப்பைகள், சிவப்பு வெல்வெட் சோபா. எல்லாம் ஏறியது. கடைசியில் போதகர் ஏறினார். ஓட்டுநருக்குப் பக்கத்து ஒற்றை இருக்கை மட்டும்தான் மிச்சம் இருந்தது. மடியில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதற்குள் அப்பமும் ரசமும்.

வண்டி கிளம்பியதும் ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார். “ஐயா, அம்மாவுக்கு அஞ்சு மணிக்கு மருந்து கொடுக்கணும். அது போட்டா நினைவு இருக்காது. அதுக்குள்ள உங்க ஜெபம் ஆயிடுமா?”

போதகர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நிகழ்ச்சி நிரல். ‘ஒன்று: வரவேற்புப் பாடல். இரண்டு: வரவேற்புரை. மூன்று: வரவேற்புரைக்கு நன்றியுரை. நான்கு: நன்றியுரைக்குப் பாராட்டுரை.’ அப்படியே போய்ப் பத்தொன்பதாவதாக, சின்ன எழுத்தில்: ‘போதகர் (நேரமிருப்பின்).’

“பத்து வருஷமா நானும் இதே தாளைத்தான் பாக்கறேன்” என்றார் போதகர். “இதுவரைக்கும் நேரம் இருந்ததில்ல.”

“நீங்க தனியா வந்திருக்கலாமே ஐயா?”

“தனியாவா?” போதகர் பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் இன்னும் இறங்கியது. “என்னை இந்த சபைக்கு மாத்தினப்ப ஆறு வார வரவேற்புல நாலாவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு தம்பி. அது இன்னும் நிலுவையில இருக்கு.”

ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று ஐம்பது.

வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னால், நாற்சந்தியில் உடும்பு கையைத் தட்டினார். “டிரைவர், ஓரங்கட்டு. எல்லாரும் இறங்குங்க! பதாகையோட பஸ்சுக்கு முன்னாடி ஒரு படம் எடுக்கணும். தலைமையகத்துக்கு அனுப்பணும்.”

நாற்பத்திரண்டு பேரும் மேளங்களோடு இறங்கினார்கள். யார் நடுவில் நிற்பது என்று தகராறு வந்து, உயரப்படி நிற்பதா குழுவில் சேர்ந்த வரிசைப்படி நிற்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. மணி நாலு பத்து. போதகரை யாரும் இறங்கச் சொல்லவில்லை. படத்தில் அவருக்கு இடம் ஒதுக்கவில்லை. ஒருவழியாகப் பதாகையை விரித்துப் பிடித்தார்கள். புகைப்படக்காரர் கேமராவுக்குள் பார்த்தபடி கையை ஆட்டினார்.

“டிரைவரே, வண்டி நிழல் தலைவர் முகத்துல விழுது. கொஞ்சம் பின்னாடி எடுங்க!”

ஓட்டுநர் பின்னால் எடுத்தார்.

“இன்னும் கொஞ்சம்!”

இன்னும் கொஞ்சம் எடுத்தார்.

“அப்படியே இன்னும்... இன்னும்... வாங்க வாங்க...”

சொல்வதைக் கேட்டுத்தானே ஆறு மாதமாகப் பழகியிருந்தார்? வண்டி பின்னாலேயே போனது. தெருமுனைவரை போனது. முனையில் வளைந்தது. நாற்பது அடி வண்டியை அவ்வளவு அழகாக யாரும் வளைத்திருக்கமாட்டார்கள். கதவு ‘புஸ்’ஸென்று மூடிக்கொண்டது. முன்கண்ணாடியில் கடைசியாகத் தெரிந்தது, பல் தெரியச் சிரித்தபடி கேமராவைப் பார்த்து அசையாமல் நின்ற நாற்பத்திரண்டு பேர்.

ஓட்டுநர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். போதகர் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“ஐயா, பயமா இருந்தா சொல்லுங்க, நிறுத்திடறேன்.”

“நீ ஏன் தம்பி இவ்வளவு மெதுவா ஓட்டறே?” என்றார் போதகர்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தார். வாசலில் ஒரே ஒரு ஆள் அங்கியோடு நிற்பதைப் பார்த்து, பின்னால் எட்டிப்பார்த்தார். யாரும் இல்லை. வழிவிட்டார்.

தாயார் தலையணையில் சாய்ந்து கண் விழித்துத்தான் இருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

“யாருடா?”

“போதகர் ஐயாம்மா.”

அந்த அம்மா வாசல்பக்கம் பார்த்தார். “எத்தனை பேரு வந்திருக்கீங்க?”

“நான் மட்டும்தாம்மா.”

“அப்பாடா” என்றார் தாயார். “உக்காருங்க.”

போதகர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தார். ஊர் கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. நாலு வரி ஜெபம். இரண்டாவது வரியில் அவர் குரல் கம்மியது. அந்த அம்மாதான் மிச்சத்தை மனப்பாடமாக எடுத்துக்கொடுத்தார். அப்பம் ஒரு துண்டு. ரசம் ஒரு வாய். அதில் ஒரு சொட்டு மோவாயில் வழிந்ததை மருமகள் முந்தானையால் துடைத்துவிட்டார். தாயார் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றிச் சுருக்கமெல்லாம் விரிந்தது. மருந்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மருந்து இல்லாமலேயே தூங்கிப்போனார்.

போதகர் எழுந்திருக்கவில்லை. மனைவி அவருக்கு ஒரு கோப்பை டீ கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் வேறு கோப்பை இல்லாததால் அதில் ‘வருக’ என்றுதான் எழுதியிருந்தது. போதகர் அதைத் திருப்பி எழுத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துவிட்டுக் குடித்தார்.

ஒரு மணி நேரம் கழித்துப் படிக்கட்டில் பெருங்கூட்டம் ஏறும் சத்தம் கேட்டது. மேளம் படியில் இடித்து ஒருமுறை தானாக முழங்கியது. போதகரின் முகம் வெளுத்தது. எழுந்து, நாற்காலியோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“தம்பி, நான் இங்க இல்லைன்னு சொல்லிடுங்க.”

ஓட்டுநர் கதவை ஒரு சாண் அகலம் திறந்தார். செயலாளர் நின்றிருந்தார். சட்டையெல்லாம் வேர்வை, கழுத்தில் டை முதுகுப்பக்கம் திரும்பியிருந்தது, கையில் ஃபைல். அவருக்குப் பின்னால் உடும்பு, அவருக்குப் பின்னால் மூன்று மாடிப் படிக்கட்டு முழுக்க நாற்பது பேர், நடுநடுவே மடங்கிய பதாகை. சாதாரணப் பேருந்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டு வந்திருக்கிறார்கள். பேருந்தில் யாரும் அவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்கவில்லையாம். உடும்புக்கு அது பெரிய மனவருத்தம்.

“போதகர் எங்க?” என்றார் செயலாளர்.

“இங்க இல்லீங்க.”

“புதியவர்?”

“அம்மா தூங்கறாங்க. மெதுவாப் பேசுங்க.”

செயலாளர் ஃபைலைத் திறந்து நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். பத்தொன்பது வரியையும் மேலிருந்து கீழாக விரலால் தடவினார். “அப்ப வரவேற்பு?”

“ஆயிடுச்சுங்க.”

படிக்கட்டில் ஒரு சலசலப்பு ஓடியது. செயலாளர் பின்னால் திரும்பி உடும்பைப் பார்த்தார். உடும்பு செயலாளரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் மைக்கைப் பிடித்தபடியே இருந்தார். அது எதனோடும் இணைக்கப்படவில்லை. அவர் முகத்தில் கோபமில்லை. சூரியன் மேற்கில் உதித்துவிட்டது என்று யாரோ சொன்னதுபோல ஒரு திகைப்பு மட்டும்தான்.

“நாங்க இல்லாமயா?” என்றார்.

“ஆமாங்க” என்றார் ஓட்டுநர். “நாலு நிமிஷத்துல ஆயிடுச்சு.”

அம்மா விழித்துவிடக் கூடாது என்பதற்காகக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.